அம்மாவின் கோயில் பெயர்

ஸ்கீவ, டென்மார்க், 2.11.1989, வியாழன்

அம்மாவை டென்மார்க்குக் கூப்பிட, இங்கே விசா அலுவல் பார்க்கும் பொலிஸ் கேட்ட ஞானஸ்நானப் பத்திரம் இன்றுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அம்மா செத்து இரண்டு மாதம்.

வெள்ளைக்காரப் போதகர் இங்கிலீஷில் எழுதிவைத்த பழைய கோயில் புத்தகத்தைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கேட்டது ராசம்மா என்ற பெயரை. அப்படி ஒருவரும் அதில் இல்லையாம். அம்மப்பாவின் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கத்தான் இவ்வளவு காலம்.

இவர் வாசித்தார்.

"எலிசபெத் எண்டு கிடக்கு. உம்மட அம்மான்ர பேர் உமக்குத் தெரியாதோ?"

"வீட்டில எல்லாரும் ராசம்மா எண்டுதானே கூப்பிட்டவை. பெத்த தாயிட்டப் போய் உன்ர பேர் என்ன எண்டு ஆரப்பா கேக்கிறது?"

பிறகு அவரே இரங்கி, "சரியான பத்திரம் குடுத்த ஆக்களின்ர விண்ணப்பமே கிடப்பில கிடக்குது, விடும்" என்றார்.

இருக்கலாம். ஆனாலும் ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே கோயிலில், இந்த வருசம் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அம்மாவையும் சேர்க்கலாம் என்று இங்குள்ள போதகர் சொன்னார். பத்திரத்தில் உள்ளபடியே கொடுக்கச் சொல்கிறார் இவர். கர்த்தருக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தானாம்.

கிணற்றடியில் யாராவது எலிசபெத் என்று கூப்பிட்டிருந்தால் அம்மா திரும்பியும் பார்த்திருக்க மாட்டா.

ராசம்மா என்றே துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவை இங்கே கொண்டுவர உதவாத பெயர்தான். ஆனால் அதைச் சொன்னால்தான் அவ என்னவென்று கேட்பா.