ருசிக்குப் பயந்து உண்ண மறுக்கும் என் தங்கைக்காக

அனுப்புநர்
பேக்கரியில் பொட்டலம் கட்டும் பெண்,
(புதுநன்மை வகுப்பில் முன்பல் விழுந்த சிறுமியின் அக்கா)
கோயிலுக்குப் பின்தெரு, மாடி அறை.

பெறுநர்
மறைக்கல்விப் பணிக்குழுச் செயலர் தந்தை அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: சாப்பாட்டில் ருசி காண்பது பாவம் என்று எங்கள் பங்குக் கோயிலில் கற்பிக்கப்படுவதும், அதனால் என் தங்கை உண்ண மறுப்பதும் – வரும் ஞாயிறு புதுநன்மைக்கு முன் தங்கள் விளக்கம் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்குப் பணிவான தோத்திரம்.

1. நான் முதலில் கவனித்தது சோப்பை. குளியலறை மாடத்தில் இருந்த சோப்பின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. நடுவில் ஒரு பல்லுக்கான இடம் மட்டும் பதியாமல் இருந்தது. எங்கள் வீட்டில் முன்பல் இல்லாதவள் என் தங்கை ஒருத்திதான். கேட்டதற்கு, நாக்கைக் கழுவுவதாகச் சொன்னாள்.

2. புதுநன்மையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப்போகும் பிள்ளைகளைப் பழக்குவதற்காகப் பூசையில் வைக்காத வெறும் அப்பத்தை நாக்கில் வைப்பது தாங்கள் அறிந்ததே. அப்படிப் பழக்கிய அன்று என் தங்கை, "டீச்சர், நல்லா இருக்கு, இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறைக்கல்வி டீச்சர் அவளை முழங்காலில் நிற்கவைத்து, "பாத்துக்கோங்க, இதுக்குப் பேர்தான் போசனப்பிரியம். தலையான பாவம் ஏழுல ஒண்ணு. உயிர் பிழைக்கத்தான் சாப்பாடு. நாக்குக்கு ருசிச்சா அங்க பிசாசு உக்காந்திருக்குன்னு அர்த்தம்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து தெருப் பிள்ளைகள் அவளை "ஏய் இன்னொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

3. இப்போது அவள் ரொட்டியைக் குழாயடியில் காட்டி, ஊறிப்போன பிறகுதான் வாயில் வைக்கிறாள். பாலில் உப்பைப் போடுகிறாள். அப்படியும் ருசித்தால் துப்பிவிடுகிறாள். போன வாரம் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். கிளினிக் டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். என் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். அங்கே சேர்க்கப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்தவர். ஆனாலும், "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்மளவிட அவங்களுக்குத் தெரியாதா?" என்கிறார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

4. டீச்சர் என் முதலாளியின் மனைவி. நான் கட்டுவது முழுக்க கேக்கும் பன்னும்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து, "இவ பாடத்தை ஊரே கேட்டா நான் ஷட்டரை இழுத்து விட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்று கிண்டல் செய்வார். டீச்சர் சிரிப்பதில்லை. அவர் கெட்டவர் அல்ல, தந்தையே. தன் மகள் நோயில் விழுந்த நாளிலிருந்து அவளுக்காக இனிப்பையே தொடாதவர். தேநீரைக்கூட வெறுமனேதான் குடிப்பார். அந்த ஒறுத்தலை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் மனமுவந்து விட்டதை, என் தங்கை நரகத்துக்குப் பயந்து விடுகிறாள். இரண்டும் ஒன்றாகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

5. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். வேதம் படித்தவள் அல்ல. அளவுக்கு மீறித் தின்பதும் குடிப்பதும் பாவம் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் அப்பா குடியால்தான் போனார். ஆனால் அவர் ருசித்துக் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மருந்தைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்குவார். எங்களோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்ட நாட்களில் அவர் குடிக்கவில்லை. அதனால் ருசியில்தான் பாவம் இருக்கிறது என்றால் எனக்குப் புரியவில்லை. கல்யாண வீட்டில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கினபோது, பந்தி மேற்பார்வையாளர் குடித்துப் பார்த்து நல்ல ரசம் என்று சொன்னார். அவரை யாரும் முழங்காலில் நிற்கவைத்ததாகப் பூசையில் நான் கேட்டதில்லை. தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

6. நேற்று நான் தலைவாரிவிடும்போது தங்கை கேட்டாள்: "அக்கா, ஞாயித்துக்கிழமை சாமியார் நாக்குல வெச்சதும் இனிச்சிடுச்சுன்னா, நான் அங்கேயே செத்துப் போயிடுவேனா?" எனக்கும் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவருகிறேன். படியேறும்போது அவள் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

ஆகவே, நன்றி சொல்லி, அளவோடு, ருசித்துச் சாப்பிடுவது பாவமா இல்லையா என்பதைச் சிறு பிள்ளைக்கும் புரியும்படித் தங்கள் கையால் இரண்டு வரி எழுதித் தரவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். தங்கள் கையெழுத்தைக் காட்டினால் நம்புவாள். யாரையாவது நேரில் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. டீச்சரைத் தண்டிக்க வேண்டாம். பாடத்தை மட்டும் திருத்தினால் போதும். பங்குத்தந்தை அறுவை சிகிச்சைக்காகப் போயிருப்பதால் பங்கு அலுவலகத்துக்கு வரும் தபாலை டீச்சரே பிரிக்கிறார். ஆகையால் பதிலை மேற்கண்ட மாடி அறைக்கே அனுப்பிவைக்கும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: பேக்கரியின் பின்புற அறை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகப் பயத்தோடு காத்திருக்கும்
அக்கா

பின்குறிப்பு: இந்த மனுவை உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒட்டவில்லை. தங்கள் பதில் வரும்வரை அவள் தாங்குவாளா என்று தெரியவில்லை. பாவமென்றால் முதலில் என் தலையில் விழட்டும் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கடையிலிருந்து கொண்டுவந்த சூடான ரொட்டியைப் பிட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவினேன். சிலுவை போட்டேன். அவள் பார்க்கப் பார்க்க மெதுவாக மென்று தின்று, "நல்லா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு மறுபாதியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.