சரஸ்வதி பூசையில் வைத்த எபிரேயப் புத்தகம்

மெல்பேண்
24.10.1976

அன்புள்ள மகள் ரஞ்சினிக்கு,

நல்லூர்க் கந்தன் துணையில் நீ சுகமாயிருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் வலிதான் குளிர் போயும் போகாமல் நிற்கிறது. பேராதனை விடுதியில் உன் அறைக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை வந்திருப்பதாகவும், சாமிப்படத்தை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தாய். அதற்குமுன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு வைஸ்பேர்க் அங்கிளைப் பற்றி முன்பும் எழுதினேன், யுத்தம் முடிந்து போலந்திலிருந்து தனியாக வந்த யூதர். பழைய எபிரேய சமயப் புத்தகங்கள் சேர்க்கிறார், அதுவும் பேர்பெற்ற ரப்பிகள், அதாவது அவர்களுடைய குருமார், சொந்தமாக வைத்துப் படித்தவையாக இருக்க வேண்டும். அச்சு எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான், ஓரத்தில் யாருடைய பேனை ஓடியிருக்கிறது என்பதைத்தான் தேடுகிறேன் என்பார். அதில் ஒன்றில் அவருடைய ஊர் ரப்பியின் கையெழுத்து இருக்கிறது. அவரிடம்தான் அங்கிளின் தகப்பனார் படித்தாராம். அந்த ஊரிலிருந்து அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றே, லண்டன் ஏலத்தில் தற்செயலாய்க் கிடைத்தது. போன மாதம் மழைக்கு அவருடைய கூரை ஒழுகியது, சிட்னியில் ஒரு கலியாணத்துக்கும் போகவேண்டியிருந்ததால் அந்தப் புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அதற்குள் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் புத்தகங்களை அடுக்கும்போது, விருந்தாளியாய் வந்தவற்றை மட்டும் தள்ளி வைப்பது மரியாதையில்லை என்று பட்டது. ரப்பியின் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மட்டையில் சந்தனப் பொட்டும் இட்டேன். விஜயதசமி காலை, சிட்னியிலிருந்து திரும்பிய அங்கிள் வந்தார். சரஸ்வதி படத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. விக்கிரகத்துக்குப் படைத்ததை அவர்கள் திரும்பத் தொடக்கூடாதாம். குரலை உயர்த்தவில்லை, என் ரப்பியிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்லி, துணியில் சுற்றிக்கொண்டு போனார். அப்பா, வேதப் புத்தகத்தையே சைவமாக்கிப்போட்டீர், இனி ஆளுக்கும் திருநீறு பூசிவிடும் என்று பகிடி விட்டவர், என் முகத்தைக் கண்டதும் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அந்த மனிதரிடம் இருந்த ஒன்றையும் நானே பறித்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்துக் கிடந்தேன். இவ்வளவு வாசிக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

அடுத்த கிழமை அவரே வந்தார். புத்தகம் பூசை செய்த பெண்ணுடையதா என்றுதான் அவருடைய ரப்பி முதலில் கேட்டாராம். இல்லை என்றதும், பிறர் பொருளை அவள் எப்படிப் படைக்க முடியும், கொண்டுபோய்ப் படி என்றாராம். சொல்லிவிட்டு அங்கிள் சிரித்தார். எபிரேயப் புத்தகம் வலப்பக்கமாகத் திறப்பது, நான் பொட்டு வைத்தது பின்மட்டையில்! துடைத்தும் இலேசான மஞ்சள் நிற்கிறது. முன்னே படித்தவர்களின் மெழுகுதிரிச் சொட்டும் உள்ளே இருக்கிறது, இதுவும் இருக்கட்டும் என்றார்.

கூரை இன்னும் திருத்தவில்லை, பெட்டி நேற்று மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். சாமி இல்லாத அறையில் என்றார். உனக்கென்று வைத்திருக்கும் அறையில், உன் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

உன் கேள்விக்கும் அதுதான் பதில். படத்தை வைக்குமுன் அந்தப் பிள்ளையிடம் கேள். அவளும் உன்னிடம் எதையாவது கேட்கக் காத்திருப்பாள். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எல்லா நலமும் உன்னைச் சேரட்டும். மார்கழி விடுமுறைக்கு வரும்போது அலுமாரியைத் திறந்து பார், புத்தகத்தைத் திறக்குமுன் அங்கிளிடம் கேள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா