ஷிப்ட் முடியட்டும்

மார்ச் 3

பேத்தி விடிந்ததிலிருந்து லேப்டாப் முன்னால். ஊரார் பேரில் எழுதிக் கொடுப்பது ஒரு வேலையாம், அதற்குச் சம்பளமாம். கம்பெனி முதலாளிகள் தங்கள் பெருமையைத் தாங்களே போட்டுக்கொள்ள போனில் ஓர் இடம் இருக்கிறது. எழுத இவள். ஒரு வரி, ஓர் இடைவெளி, இன்னொரு வரி. கடைசியில் ஒரு கேள்வி.

"கேள்வி கேட்டாத்தான் பாட்டி நாலு பேர் வந்து பேசுவாங்க. பேசினாத்தான் இவர் விஷயம் தெரிஞ்சவர்னு பேர் வரும்."

விஷயம் தெரிந்தவன் சொந்தமாக நாலு வரி எழுதமாட்டானா? கேட்டேன். சிரித்தாள்.

மார்ச் 5

இன்று இவள் எழுதியதில் ஒருத்தன் தொழிலில் விழுந்தானாம், எழுந்தானாம், அதில் தலைமைப் பண்பு கற்றானாம். நானும் குளியலறையில் விழுந்தேன். இடுப்புதான் போனது.

மார்ச் 9

ஆள் சப்ளை கம்பெனி முதலாளி ஒருவருக்கு மனசைத் தொடுகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். பேத்திக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"நாலாயிரம் லைக் பாட்டி!" என்று போனை நீட்டினாள். ஆள் சப்ளை முதலாளியே சொல்வதுபோல் எழுதியிருந்ததைப் படித்தேன்:

அன்று ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பேக்கிங் பிரிவுப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரியில். உடனே மெஷினை நிறுத்தினேன். என் வண்டியிலேயே அழைத்துப் போனேன். கணவரின் கையைப் பிடித்தபடி அந்தப் பெண் விடைகொடுத்தார். உங்கள் அலுவலகத்தில் அந்த போனை யார் எடுப்பார்கள்?

"இது என் கதைடி."

"கொஞ்சம் மாத்திட்டேன் பாட்டி. நடந்திருக்க வேண்டியது இதுதானே?"

மேலே அந்த முதலாளியின் படம். தலை நரைத்திருக்கிறது, கோட்டு போட்டிருக்கிறான். இடது புருவத்தில் வெட்டு. விசில்! நான் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர். பொம்பளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், விசிலடிப்பான்.

நிஜத்தில் போன் வந்தது காலையில். சாயங்காலம் மணி அடித்து, நான் கை கழுவிய பிறகுதான் சொன்னான். "முன்னாடியே சொன்னா உன் கை நின்னுடும். ஷிப்ட் முடியட்டும்னு இருந்தேன்." நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தச் சூப்பர்வைசர் இவன்தான் என்றேன். பேத்தி முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கதையைத் தொட்டில் காலத்திலிருந்து கேட்டவள். ஆளை மட்டும் தெரியாது.

"இதைப் படிச்சு என்ன சொன்னான்?"

"ஆமா, ஞாபகம் இருக்கு, போடுங்கன்னார்."

ஞாபகம் இருக்காம்.

மார்ச் 12

கீழே ஊரார் எழுதியிருக்கிறார்கள்: 'தெய்வம் சார் நீங்கள்.' 'கண் கலங்கிவிட்டது சார்.' தூ. என் புருஷன் சாவில் இவனுக்கு மாலை.

மார்ச் 13

அவளோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "போட்டதை எடுத்துடட்டுமா பாட்டி?" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

எடுத்தால்? படித்தவர்கள் படித்தாயிற்று. நல்ல பேர் அவனிடம் ஒட்டிக்கொண்டாயிற்று.

மார்ச் 14

அவள் சம்பளத்தில்தான் வாடகை போகிறது. அதுவும் தெரிகிறது. தெரிந்து என்ன? அந்தச் சோறு இறங்கவேண்டுமே.

மார்ச் 15

நான் சொல்லவில்லை. அவளாகத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கணக்கின் சாவி இவளிடம். போடுவதும் மாற்றுவதும் இவள்தான். அவன் பேரிலேயே மாற்றி எழுதியிருந்தாள்:

அந்த போனை எடுத்தது நான். மெஷின் நிற்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் மாலைவரை சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணவரின் முகத்தை மூடியிருந்தார்கள். என்னை மன்னியுங்கள்.

"கடைசி வரியை எடு" என்றேன்.

"ஏன் பாட்டி?"

"அதை அவன் கேக்கணும். அவனுக்காக நீ ஏன் கேக்கற?"

எடுத்தாள். கீழே 'யார் எடுப்பார்கள்' என்ற பழைய கேள்வியை அப்படியே விட்டாள். "வேலை போயிடும்" என்றாள், என்னைப் பார்க்காமல். ம் என்றேன். விரலால் தட்டிப் போட்டுவிட்டாள்.

ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

மார்ச் 16

பேத்தி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் போன் மேசையில் அடித்தது. திரையில் அதே புருவம். எடுத்தேன்.

"யாரு? அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. உடனே. ரொம்ப அவசரம்."

குரல் மாறவே இல்லை.

"அவ வேலையா இருக்கா" என்றேன். "முன்னாடியே சொன்னா கை நின்னுடும். ஷிப்ட் முடியட்டும், சொல்றேன்."

போனை வைத்தேன்.

ஞாபகம் இருக்கு என்றானே. இப்போதுதான் வந்திருக்கும்.