எல்லைப் பெட்டியும் வராத போர்ட்டும்

7.7.2009, செவ்வாய்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. ரிப்பேர் கடை பெஞ்ச் மேலெல்லாம் மணல். காலையில் ராமநாதபுரம். பாலிடெக்னிக் சார் வீட்டு பிராட்பேண்டில் லேப்டாப் லினக்ஸை முழுசாக அப்டேட் செய்தேன். இரண்டு மணி நேரம். லினக்ஸின் அடித்தளமான கெர்னலும் புதுசு. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லையென்று பழைய கெர்னலை அழித்தேன். நல்ல வேலை பார்த்த மாதிரி ஒரு பெருமை வேறு.

தங்கச்சிமடம் திரும்பினால் கடை வாசலில் மாப்பிள்ளை அந்தோணி. தங்கச்சி ரோஸ்லின் வீட்டுக்காரர், விசைப்படகு ஓட்டுகிறார். கையில் நான் செய்து கொடுத்த எல்லைப் பெட்டி. படகு இலங்கை எல்லையை நெருங்கினால் கத்த வேண்டும். ஜிபிஎஸ் எல்லாப் படகிலும் உண்டு, வலை இழுக்கும்போது அதை எவன் பார்க்கிறான்? அதற்குத்தான் பெட்டி. நேற்றுதான் முதல் தடவை கொண்டுபோனார்.

"மச்சான், இஞ்சின் சத்தத்துல இது கேக்குமா? இன்னும் கூட்டி வைங்க. நாளைக்கு இஞ்சின் வேலை, கடலுக்குப் போகல. அடுத்த முறை சனிக்கிழமைதான், அதுக்கு வேணும்."

அரை மணி நேர வேலை என்று பெட்டியை வாங்கி வைத்தேன்.

8.7, புதன்

சத்தத்தைக் கூட்டப் புரோகிராமைத் திறந்தேன். கணக்கு வரி கண்ணில் பட்டது.

ஜிபிஎஸ் தருவது பாகையும் நிமிடமும். அறுபது நிமிடம் ஒரு பாகை. நான் நூறு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். எல்லைக்கோடு மட்டும் சரியான கணக்கில். ஆக, படகு இருக்கும் இடத்தைவிட மேற்கே இருப்பதாகவே பெட்டி நினைக்கும்; எல்லையைத் தாண்டிப் பல மைல் போனபிறகுதான் வாய் திறக்கும். படகுத்துறை ஜெட்டியில் சோதித்த அன்று கத்தியதே? அன்று சோதனைக்குப் போட்ட கோடும் அதே தப்புக் கணக்கில்தான். தப்பும் தப்பும் பொருந்திவிட்டது. மடையன் நான். திங்கட்கிழமை மாப்பிள்ளை எல்லைப் பக்கமே போகாதது மாதா புண்ணியம்.

திருத்த வேண்டியது ஒரு வரி. சிப்பில் ஏற்ற அரை நிமிடம். யூஎஸ்பி கேபிளைச் செருகினேன். போர்ட் வரவில்லை; பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை லேப்டாப்புக்குத் தெரியவே இல்லை.

செய்து பார்த்தது:
– வேறு கேபிள்
– மூன்று யூஎஸ்பி ஓட்டையும்
– டிரைவர் புரோகிராமைக் கழற்றி மாட்டியது, இருபது தடவையாவது
– ரீஸ்டார்ட். எண்ணவில்லை.
– பழைய கெர்னல். அதைத்தான் அழித்தாயிற்றே.

லேப்டாப் எழுதிவைக்கும் லாகில் பார்த்தால் பலகை வந்தது என்கிறது, அடுத்த வரியிலேயே போய்விட்டது என்கிறது. போன வாரம் இதே லேப்டாப்பில் இதே பலகை ஒழுங்காக வந்தது.

9.7, வியாழன்

பராமரிப்பு என்று பத்திலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி பதினைந்து நிமிடம்.

மத்தியானம் ரோஸ்லின் நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். "அண்ணே, அந்தப் பெட்டி வந்ததுல இருந்துதான் நிம்மதியா இருக்கேன்." சாப்பிட்டேன், இறங்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சனிக்குள் சரியாகிவிடும், எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று விட்டேன். நிஜம் அது இல்லை. வெட்கம்.

கொசு மருந்து வாங்க மறந்தாச்சு.

10.7, வெள்ளி

பெட்டியைத் தூக்கி அலைய வேண்டாமென்று கடையில் வைத்துவிட்டு, சோதிக்க அதே மாதிரி இன்னொரு பலகையும் லேப்டாப்புமாக மறுபடி ராமநாதபுரம். சார் வீடு பூட்டு. குடும்பத்தோடு மதுரை, ஒரு கல்யாணம். போனும் எடுக்கவில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலாவது ஏற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "டிரைவரெல்லாம் போட விடமாட்டோம்ணே, வைரஸ் வந்துரும்." பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். பாம்பன் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது.

கடையில் பெட்டி இல்லை. என் வீட்டுக்காரி சொன்னாள், "உங்க மாப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. சரி பண்ணியாச்சுல்ல?"

போனில் சொல்கிற விஷயமா? காலையில் ஜெட்டிக்குப் போய் நேரிலேயே சொல்லிவிடுவது.

11.7, சனி

ஜெட்டிக்குப் போனேன். மீன்துறை டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, கிளம்புகிற அவசரம். மாப்பிள்ளை பெட்டியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "என் மச்சான் செஞ்சதுலே. எல்லை வந்தா இதுவே கூப்புடும். இனி தைரியமா வலை இழுக்கலாம்." இரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஒருவர் என் தோளில் தட்டினார்.

கணக்கு தப்பு, கழற்றிக் கொடுங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. "பாத்துப் போங்க மாப்பிள்ளை" என்று மட்டும் வந்தது. படகு போய்விட்டது. கடை திறக்கவில்லை.

12.7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலை ஏழு மணிக்கு சார் போன். "அப்டேட்டோட பிரெய்ல் புரோகிராம் ஒண்ணு வந்திருக்கும், கண் தெரியாதவங்களுக்கானது. நம்ம சர்க்யூட் பலகையை பிரெய்ல் மெஷின்னு நெனச்சுப் பிடிச்சு வச்சுக்கும். அதை எடுத்துடுங்க." எடுத்தேன். போர்ட் வந்தது. திருத்தின புரோகிராமைக் கடையிலிருந்த இன்னொரு பலகையில் ஏற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மற்ற படகெல்லாம் எட்டு மணிக்கே கரை. மாப்பிள்ளை படகு மட்டும் இல்லை. கூடப் போன படகுக்காரர்: "கெழக்க போய்க்கிட்டே இருந்தாருண்ணே. எல்லை தாண்டுது, திரும்புங்கன்னு வயர்லெஸ்ல கூப்புட்டோம். பெட்டி இன்னும் கத்தலையேன்னாரு."

பதினொன்றரை. இன்னும் இல்லை. ரோஸ்லின் கடைக்கு ஓடி வந்தாள், காலில் செருப்பு இல்லாமல்.

"அண்ணே, எல்லை வந்திருந்தா பெட்டி கத்தியிருக்கும்ல?"

கத்தியிருக்கும் என்றேன்.