மேல்வீட்டுத் தவமணிக்கு ஒரு மழைச் செய்தி

என் அருமைத் தவமணி,

முதலில் சண்டை, பிறகுதான் நலம் விசாரிப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாயே, எழுதிக் கொடுத்தவள் வந்து உட்கார வேண்டாமா? "ஒரு கிட்டுக்கு ரெண்டு பேர்க்கா. தனியா போனா சேத்துக்க மாட்டாங்களாம்" என்று சொல்லி, நான் அலுவலகத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாய். பத்து நாள் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள்தான். அதன் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது என்பதால்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும், நாம் ரகசியம் பேசியா பழக்கம்?

நம் தீவும் டெலானிபூரும் அப்படியேதான் இருக்கின்றன. சரிவில் உன் குவார்ட்டர்ஸ் மேலே, என் குவார்ட்டர்ஸ் கீழே, நடுவில் அதே இருபத்திரண்டு படி. உன் வாசலில் நின்றால் கடல் ஒரு துண்டு தெரியும், என் வாசலில் நின்றால் உன் வீட்டுச் சுவர்தான் தெரியும். அதனால்தானே மழை வருவது எப்போதும் உனக்கு முதலில் தெரிந்தது. கடல் பக்கம் வெளுத்ததும் "அக்கா, துணி!" என்று ஒரு குரல் கொடுப்பாய். நான் கரண்டியோடு ஓடுவேன்.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மழையை மோப்பம் பிடிக்கத் தெரியாமல் இருக்குமா என்று பீற்றிக்கொள்வாய். கிண்ணத்தில் ரப்பர் பால் நிறைவதற்குள் மழை விழுந்தால் அன்றைய வேலை எல்லாம் வீண், அதனால் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய உன் அம்மா வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். நான் அலுவலகத்தில் இருந்தால் நீயே படியிறங்கி வந்து என் துணியை எடுத்து, மடித்து, கதவுப் பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போவாய். மடித்திருக்கிற அழகைப் பார்த்து நான் குறை சொல்லுவேன். இருபது வருஷம் அப்படியே போயிற்று.

நீ போன பிறகு முதல் மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் உள்ளே பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூரையில் சத்தம் பலமாகக் கேட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. உன் குரல் வரவில்லையே, அப்படியென்றால் துணிக்கு ஒன்றும் ஆகாது என்று உடம்பு பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. அப்போதுதான் அழுதேன் தவமணி. ஆஸ்பத்திரியில் அழவில்லை, உன் வீட்டுக்காரர் சாமான்களைக் கட்டி, மகனோடு சென்னைக் கப்பலேறினபோதும் அழவில்லை. அவருக்குப் போவதற்கு மெயின்லேண்டில் மகன் இருக்கிறான். எனக்கு எங்கே போவது?

ஜூனில் ஒரு போன் வந்தது. பேசியது வகுப்பு நடத்துகிற பெண், நஸ்ரீன். மெயின்லேண்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வந்தவள். "ஆன்டி, ஷிப் லேட் ஹோ கயா. சாமான் இப்பத்தான் வந்துச்சு. சனிக்கிழமை கிளாஸ் ஸ்டார்ட். நீங்களும் தவமணி ஆன்டியும் வரீங்க தானே?" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் கேட்டாள்.

நான் "ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மரைன் ஹில்லில் ஒரு பழைய குடோன். வாசலில் 'மேக்கர் ஸ்பேஸ்' என்று பலகை. உள்ளே நீள மேஜை, நான்கைந்து லேப்டாப், வயரை ஈயத்தால் பற்றவைக்கிற ஊசி, அதிலிருந்து வருகிற புகை. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாமாம். மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினவளே, நீ பார்க்க வேண்டிய இடம் அது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நஸ்ரீன் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டாள். என் பெயருக்கு அடுத்தது உன் பெயர். "தவமணி?" என்றாள். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, நல்ல சத்தமாக. நீ செத்துப்போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் உன் பெயரை யாரும் என் எதிரில் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. தெருவில் எல்லாரும் "அவங்க", "மேல்வீட்டம்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நானும் சொல்லியிருக்கவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

"இன்னைக்கு வரலை" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும். பொய்யா அது? நீ வராதது உண்மைதானே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு மேடேறிப் போனேன், மைக்ரோகண்ட்ரோலர் மேல் எனக்கென்ன காதல்?

ஆனாலும் கற்றுக்கொண்டேன், சிரிக்காதே. மைக்ரோகண்ட்ரோலர் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீலப் பலகை. நாம் லேப்டாப்பில் எழுதித் தருகிறதை அது அப்படியே செய்யும், சொந்த புத்தி கிடையாது. முதல் நாள் ஒரு சின்ன விளக்கை ஒரு நொடி எரி, ஒரு நொடி அணை என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் அரசாங்கக் கடிதம் தட்டச்சு செய்த எனக்கு, ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்று சிவப்பு எழுத்தில் குற்றம் சொன்னது பார், வந்ததே கோபம். சரி செய்தேன். விளக்கு மினுக்கியது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், அங்கே என் கைப்பை இருந்தது.

மற்ற மேஜைகளில் எல்லாம் இரண்டு இரண்டு பேர். ஒருவர் வயரை அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் திரையில் எண்ணைப் பார்ப்பார். எனக்கோ வயரைப் பிடித்தால் விசைப்பலகை எட்டாது, விசைப்பலகைக்குப் போனால் வயர் நழுவும். நஸ்ரீன் உதவிக்கு வந்தாள், "பரவாயில்லை, அவ வந்துருவா" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் உன் கொடிக் கயிற்றிலிருந்து ஒரு துணிக் கிளிப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். வயரை அது பிடித்துக்கொண்டது. நீ இருந்தால் வயரைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதையும் பேசியிருப்பாய், கிளிப் பேசாது.

கடைசியில் ஆளுக்கொரு பொருள் செய்ய வேண்டும் என்றார்கள். உன் விண்ணப்பத்தில் நீ 'மழை அலாரம்' என்று எழுதியிருந்தாயாம். எதற்கடி? உன் கண்ணைவிட நல்ல அலாரம் உண்டா? அப்புறம் தோன்றியது, ஊருக்குப் போகிற நாட்களில் எனக்குக் குரல் கொடுக்க ஆளில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். அப்படித்தானா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு தகடு, மேலே வரிவரியாகக் கோடு. காய்ந்திருந்தால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் எண் காட்டும், தண்ணீர் பட்டால் இறங்கும். எழுநூறுக்குக் கீழே போனால் மழை என்று வகுப்பில் தந்த குறிப்பில் போட்டிருந்தது. அதன்படியே எழுதி, தகட்டைக் கொடிக்கம்பத்தில் கட்டி, வயரைச் சமையலறைக்குள் இழுத்து, பலகையை, சத்தம் போடுகிற பஸ்ஸரும் எண் காட்டுகிற குட்டித் திரையுமாக, ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்தேன். இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று இருக்கும்போதே கத்த ஆரம்பித்தது. நானும் நம்பி நான்கு முறை ஓடினேன்.

நஸ்ரீன் தகட்டைத் தடவிப் பார்த்து விரலை நாக்கில் வைத்துக்கொண்டாள். "நமக் ஹை ஆன்டி, உப்பு. இந்த நம்பர் மெயின்லேண்ட் கா ஹை. நம்ம காத்துலயே பானி இருக்கு, உப்பு இருக்கு. அவங்க கணக்குக்கு இங்க தினமும் மழைதான்" என்றாள். உங்கள் வீட்டில் காய்ந்தது என்றால் எவ்வளவு, நனைந்தது என்றால் எவ்வளவு என்று நீங்களே பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு வாரம் காலையும் மாலையும் டப்பாவுக்கு எதிரில் நின்று எண்ணைக் குறித்தேன். தகட்டை வாரத்துக்கு ஒருமுறை எலுமிச்சைச் சாற்றால் துடைப்பது, நானூறுக்குக் கீழே போனால்தான் மழை என்று முடிவாயிற்று. அந்த ஒரு வாரம் வீட்டில் எனக்கு ஏதோ வேலை இருந்தது, அதற்காகவே அந்த உப்பை வாழ்த்த வேண்டும்.

இதற்குள் உன் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ், தெலுங்குக்காரப் பெண், நைட் டியூட்டி முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறாள். நீ கட்டிய கயிற்றில்தான் அவள் துணியும் காய்கிறது. படியில் பார்த்தால் சிரிப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெயர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் அந்த வீடு அவளுடையதாகிவிடும் என்று எனக்கு ஒரு பயம், சின்னப்பிள்ளைத்தனம்தான்.

நேற்றைக்கு முந்தின நாள் வகுப்பில் நஸ்ரீன் பதிவேட்டை மூடாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்டி, அடுத்த சனிக்கிழமை லாஸ்ட் கிளாஸ். சர்ட்டிபிகேட் பிரிண்ட் போடணும். தவமணி ஆன்டி ஒருநாள்கூட வரல. வருவாங்களா, இல்ல பேரை எடுத்துறட்டுமா?" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. உண்மையைச் சொன்னால் உன் பெயரை அடித்துவிடுவாள். சொல்லாவிட்டாலும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். அதற்குப் பிறகு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டிபன் டப்பாவுக்குள்ளிருந்து அலாரம் கீ கீ என்று கத்தியது. எண்ணைப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்து. வெளியே ஓடினேன். நிஜமாகவே முதல் துளிகள், அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தன. என் நான்கு துணியையும் காய்ந்தபடியே எடுத்துவிட்டேன் தவமணி. நீ இல்லாமல் முதல் தடவையாக.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே உன் கயிற்றில் இரண்டு வெள்ளைச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. இன்றைக்கு டியூட்டிக்கு அவள் எதைப் போட்டுக்கொண்டு போவாள்? என் முழங்காலுக்கு இருபத்திரண்டு படி ஏறுவதற்குள் எல்லாம் நனைந்துவிடும். வாயைத் திறந்தேன்.

"தவமணி, துணி!"

அவ்வளவு சத்தமாக நான் கத்தினதே இல்லை. அதுவும் கீழேயிருந்து மேலே. என்னைத்தானே எப்போதும் கூப்பிடுவார்கள், நான் யாருக்குக் குரல் கொடுத்தேன்? கதவு திறந்தது. அந்த ஒரு நொடி என்ன நினைத்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். தலைவிரிகோலமாக அந்தப் பெண் ஓடி வந்து, துணியை வாரிக் கையில் சுருட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

"ஆன்டி, கிஸ்கோ புலாயா? யாரைக் கூப்டீங்க?"

மழை பிடித்துக்கொண்டது. நான் எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முழுக்கத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "இங்கே இருந்தாள். வோ நஹீ ரஹீ" என்றேன். நீ இல்லை என்பதை ஐந்து மாதத்தில் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் இந்தியில், ஒரு அந்நியப் பெண்ணிடம். அவள் சீருடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு "மேரா நாம் லாவண்யா ஹை. மேலே வாங்க ஆன்டி, சாய் போடறேன்" என்றாள். வேண்டாம் என்று உள்ளே வந்துவிட்டேன். போயிருக்கலாம்.

குழம்பு அடிப்பிடித்திருந்தது. எடுத்த துணியும் என் கையிலேயே நனைந்திருந்தது. மழை விட்டதும் தகட்டைத் துடைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்நூறு, ஐந்நூற்று நாற்பது. ஆயிரத்துக்கு அது போகவே இல்லை, இந்த வீட்டில் போகாது.

இனி மழை வந்தால் மேல்வீட்டுக்குக் குரல் கொடுப்பேன், லாவண்யா என்றே கூப்பிடுவேன். வாய் தவறி உன் பெயர் வந்தால் நீயும் அவளும் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை நஸ்ரீன் உன் பெயரைக் கூப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம். இன்று திங்கட்கிழமைதான். இன்னும் ஐந்து நாள் அந்தப் பதிவேட்டில் நீ வெறும் லீவில் இருக்கிறாய்.

கரண்டியோடு ஓடி வரும்
உன் கீழ்வீட்டு அக்கா,
ராஜேஸ்வரி