4.1 போடச் சொன்னது நான்

நவ. 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. காரின் கியர் பொக்ஸ் முடிந்தது. மூன்றாம் கியரில் கரகரப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. பொத்துவில் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். செருப்பு நாசம்.

கராஜ் மெக்கானிக் பாஸிடம் இந்தக் காருக்குப் பொருந்தும் பழைய பொக்ஸ் இரண்டு. ஒன்று 4.9, மற்றது 4.1. சக்கரம் ஒரு தரம் சுற்றுவதற்கு உள்ளே அச்சு அத்தனை தரம் சுற்றும். என்னுடையது டேர்போ இன்ஜின், இழுவை முன்சக்கரத்தில். 4.1 போடுங்கள் என்றேன்.

"பெரிய நம்பர்தான் டீச்சர் நல்லா ஓடும்."

எட்டாம் ஆண்டுக்கு விகிதம் படிப்பிக்கிறவளிடம்!

நவ. 6, புதன்

விடைத்தாள் 38. பருப்பு முடிந்தது. கணவருக்கு இருமல் மருந்து.

பின்னேரம் மறுபடி கராஜ். ஒயில் பெட்டி மட்டையில் படம் கீறிக் காட்டினேன். டேர்போவுக்குப் பலம் ஏற்கெனவே மிச்சம். 4.9 போட்டால் முன்சக்கரம் வழுக்கிச் சுழலும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், டேர்போவில் காற்று நிரம்புவதற்குள் அடுத்த கியர் மாற்றவேண்டி வரும். பொத்துவிலுக்குப் போகும் கோமாரி நேர் ரோட்டில் இன்ஜின் அலறும். தினமும் அதில் போகிறவள் நான்.

"ஓம் டீச்சர், ஓம். மாப்பிள்ளட்ட ஒருக்காக் கதைச்சிட்டுப் போடுறன்."

மாப்பிள்ளை என்றால் என் இவர்தான். வீடு என் பேரில். சீதனமாக எனக்குத் தந்த வீட்டில்தான் அந்த மாப்பிள்ளையே இருக்கிறார். காரும் என் பேரில். கியர் மட்டும் அவர் பேரிலா?

நவ. 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இவர் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பாஸப் பள்ளியடில கண்டன். நாலு ஒம்பது போடச் சொல்லிட்டன்."

"என்னட்டக் கேட்டீங்களா?"

"அதுக்கென்ன புள்ள, நாங்க ரெண்டு பேரும் கதைச்சி முடிச்சிட்டம்."

பள்ளி வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்தில் என் காருக்கு முடிவு. இவருக்கு ஓட்டவே தெரியாது! தினமும் அக்கரைப்பற்று ஒபிசில் நான்தான் இறக்கிவிடுகிறேன்.

மீன் ஆணத்துக்கு உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

நவ. 9, சனி

தூறல். 4.9 பூட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்க இருவரையும் ஏற்றினேன். இவர் முன்னால், பாஸ் பின்னால். கடற்கரை ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் திருப்பம். கிளச்சை விட்டு அக்ஸிலேட்டரை மிதித்தேன். முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் போனது. சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்தவர் ஏசிக்கொண்டே ஒதுங்கினார். இவர் "யா அல்லாஹ்!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

நிந்தவூர் வயல் ரோட்டில் ஐந்தாம் கியரிலும் இரைச்சல். கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

பாஸ் பின்னாலிருந்து: "மாப்பிள்ள, நாலு ஒண்டு போட்டாத்தான் சரிவரும் போலரிக்கி."

மாப்பிள்ளையாம்! ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நான்.

நவ. 11, திங்கள்

வெயில். நேற்று பாஸ் 4.1 பூட்டித் தந்தார். இன்று கோமாரியில் டேர்போ நிதானமாக நிரம்பி இழுத்தது. இரைச்சலே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. உடுப்பு காய்ந்தது. 8Bக்கு நாளை பரீட்சை.

திரும்பும்போது, சனியன்று விட்ட குடையை எடுக்க இவரோடு கராஜுக்குப் போனேன். உள்ளே தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன், பாஸ் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "டீச்சர்ட மாப்பிள்ள கெட்டிக்காரன். டேர்போக்கு நாலு ஒண்டுதான் போடணும் எண்டு அவர்தான் சொன்ன."

பக்கத்தில் இவர். தலையை ஆட்டிக்கொண்டே தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார்.

நாளை அக்கரைப்பற்று பஸ் ஆறரைக்கு. இவரிடம் சொல்லிவிட்டேன். மழை வந்தாலும் குடை தரமாட்டேன்.