பதில் வந்த பிறகே சுவிட்ச்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நெட்டையண்ணன் போய் நான்கு மாதம். இது என் ஐந்தாவது கடிதம், போனையும் நீங்கள் எடுப்பதில்லை. கோபம் இருக்கட்டும். ஒரு சம்மதம் மட்டும் கொடுங்கள்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி அண்ணன் நினைவாக மாரத்தான் ஓடுகிறேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அண்ணனும் நானும் ஒன்றாக வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் நன்கொடை தருகிறார்கள். நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் கருவியை, நாங்கள் ஓடிய, அவர் விழுந்த பூங்காவில் வைக்கப்போகிறோம். பனியனில் அண்ணன் படம் போட்டுக்கொள்ளட்டுமா?

உங்கள்
கட்டை


ஜனவரி 17

கட்டைக்கு,

படம் போடாதே. அந்த முகம் வேர்வையில் நனைந்து ஊரெல்லாம் ஓடுவதை என்னால் பார்க்க முடியாது.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். லிஃப்ட் குழிக்குள் ஒருவர் இறங்கினால், மேலே இருப்பவர் "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்று பதில் வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஓடும்போதும் கிலோமீட்டருக்கு ஒருதரம் அப்படித்தான் கேட்டுக்கொள்வோம் என்று என் சமையலறையில் நின்று இருவரும் சிரித்தீர்கள். முன்னால் ஓடுவது எப்போதும் நீ. அவர் போன அன்றைக்குக் கேட்டாயா?

அண்ணி


ஜனவரி 24

அண்ணி,

கேட்கவில்லை.

முந்தின நாள், நான் லிஃப்ட் கதவை மாட்டத் தெரியாதவன் என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தார். எப்போதும் அடிக்கிற கிண்டல்தான். அன்றைக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒருதரம் திரும்பினேன், ஆளைக் காணோம். ஷூ கயிற்றை ஆயிரம் முறை கட்டுகிற மனுஷன் அல்லவா, கட்டிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். சுற்று முடிந்து வந்தபோது வேலியோரம் நாலு பேர் குனிந்து நின்றார்கள்.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள் அண்ணி.

கட்டை


பிப்ரவரி 16

அண்ணி,

ஓடி முடிக்கவில்லை. முழங்கால் ஒரு மாதமாகவே வீங்கியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் திரும்பி, "இருக்கியாண்ணே?" என்று கத்தினேன். பின்னால் வந்தவர்கள் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். முப்பத்தொன்றில் விழுந்தேன். வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்கள். இதைக்கூட அவருக்காகச் செய்யத் துப்பில்லை எனக்கு.

கருவி வந்துவிடும் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன். என்னை மேலே நிறுத்திவிட்டு இனி யார் குழிக்குள் இறங்குவார்கள்? எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை. இனி எழுதமாட்டேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கட்டை


பிப்ரவரி 20

தம்பி கட்டைக்கு,

நீ எழுதிய அத்தனையையும் படித்தேன். பதில் போடாதது உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை.

கடைசி ஒரு வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். கேட்டால் வாயு என்றார். "கட்டகிட்ட சொல்லிடாத, ஓட விடமாட்டான்" என்றார். நானும் சொல்லவில்லை. அன்று காலை தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்பியவளே நான்தான். உன் கடிதம் வரும்போதெல்லாம் இதை எழுத உட்கார்வேன், கை ஓடாது. கடைசியில் உன்னையே குற்றவாளியாக்கிக் கேள்வி கேட்டேன். அது அயோக்கியத்தனம். நீயும் நானும் ஆளுக்கொரு வார்த்தையை விழுங்கிவிட்டோம். இதை என்னோடு சேர்ந்து சுமக்க இந்த உலகத்தில் உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

மூன்று நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. உன் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கிவிட்டது. பூட்டுக்காரரை அழைத்துவர எதிர்வீட்டுக்காரர் போயிருக்கிறார். அதற்குள் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். படியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பதில் வராமல் நான் நகரமாட்டேன். கட்டை, இருக்கியா?

அண்ணி